அக்சுவரி பரீட்சைகளுக்கு எந்த வழி: நிதிக் கணிதமா, புள்ளிவிபரவியலா, நேரடியாகப் பரீட்சையா?

உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகி, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் பாடநெறிகளை விருப்ப ஒழுங்கில் நிரப்ப வேண்டிய வாரங்களில், கொழும்பிலுள்ள தமிழ்க் குடும்பங்களின் பேச்சில் பொறியியல், கணினி, கணக்கியல் ஆகியவற்றோடு, காப்புறுதியிலும் ஓய்வுகால நிதிகளிலும் வரக்கூடிய இடர்களைக் கணிதத்தால் மதிப்பிடும் அக்சுவரித் தொழிலும் இப்போது இடம்பிடித்திருக்கிறது. இணைந்த கணிதத்தில் நன்றாகச் செய்தும் பொறியியலுக்கு இசட் புள்ளி சற்றுக் குறைந்துபோன பிள்ளைகளும், பொறியியலில் நாட்டமே இல்லாத பிள்ளைகளும், தங்களுக்கு இருக்கும் கணிதத் திறமைக்கு ஏற்ற தொழில் இதுவாக இருக்குமோ என்று விசாரிக்கிறார்கள். விசாரிப்பவர்களிற் பலர், நிதிக் கணிதப் பட்டம் கிடைத்தால் பரீட்சைகளில் பாதி முடிந்துவிடும் என்று யாரோ சொல்லக் கேட்டு வருகிறார்கள். அந்தக் கூற்றில் உண்மை எவ்வளவு என்பதையும், அதே இலக்குக்கு வேறு என்ன வழிகள் உள்ளன என்பதையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

பட்டம் மட்டும் ஒருவரை அக்சுவரி ஆக்குவதில்லை என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். இலங்கைக்குத் தனியான பரீட்சை முறை இல்லாத காரணத்தால், இங்குள்ளவர்கள் பெரும்பாலும் பிரித்தானியாவின் 'இன்ஸ்டிடியூட் அண்ட் ஃபக்கல்டி ஒஃப் அக்சுவரிஸ்' நடத்தும் பரீட்சைகளுக்குத் தோற்றுகிறார்கள். சிலர் அமெரிக்காவின் 'சொசைட்டி ஒஃப் அக்சுவரிஸ்' நடத்தும் பரீட்சைகளைத் தெரிவுசெய்கிறார்கள். முதலாவது அமைப்பு, 1848இல் லண்டனிலும் 1856இல் எடின்பரோவிலும் தொடங்கப்பட்ட இரு சங்கங்கள் 2010இல் இணைந்ததால் உருவானது. இரண்டாவது 1949இல் அமைந்தது. எந்த அமைப்பைத் தெரிந்தாலும், எல்லாப் பரீட்சைகளையும் முடித்து முழுத் தகுதி பெறுவதற்குப் பட்டப்படிப்பைவிட நீண்ட காலம் எடுப்பது வழமை. ஆகவே நாம் தெரிவுசெய்வது, இந்த நீண்ட ஓட்டத்தின் தொடக்கப் பகுதிக்கு எந்தப் பயிற்சி சிறந்தது என்பதை மட்டுமே.

என்னுடைய முடிவை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். கொழும்புப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தின் 'தொழிற்றுறைப் புள்ளிவிபரவியலும் கணித நிதியும்' பாடநெறிக்கு அனுமதி கிடைக்கக்கூடிய மாணவர் அதையே எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. பாட விலக்குகள், அதாவது சில பரீட்சைகளை எழுதாமலே கடக்கும் சலுகைகள், கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு இதற்குக் காரணமன்று. அக்சுவரியின் வேலைக்கு வேண்டிய இரு கணிதங்களையும், அதாவது பணத்தின் காலப்பெறுமதி பற்றியதையும் நிகழ்தகவு பற்றியதையும், அது ஒரே பட்டத்தில் சேர்த்துத் தருகிறது என்பதே காரணம். மாத்தறையிலுள்ள ருஹுணு பல்கலைக்கழகத்தின் நிதிக் கணிதமும் தொழிற்றுறைப் புள்ளிவிபரவியலும் என்ற பாடநெறியும் இதே வகையைச் சேர்ந்தது.

இரு கணிதங்களும் ஏன் தேவை என்பதை ஒரு சிறு கணக்கினால் விளக்கலாம். நாற்பது வயதுடைய ஒருவர் இன்னும் பத்து ஆண்டுகள் உயிரோடிருந்தால் அவருக்குப் பத்து இலட்சம் ரூபா கொடுப்பதாக ஒரு காப்புறுதி நிறுவனம் உறுதியளிக்கிறது என்று கொள்வோம். ஆண்டு வட்டி 12 சதவீதம் எனில், பத்து ஆண்டு கழித்துக் கிடைக்கும் பத்து இலட்சத்தின் இன்றைய பெறுமதி 321,973 ரூபா. அவர் பத்து ஆண்டுகள் வாழ்வதற்கான நிகழ்தகவை 0.97 என்று வைத்துக்கொண்டால், நிறுவனம் இன்று ஒதுக்க வேண்டிய தொகை ஏறத்தாழ 312,314 ரூபா ஆகும். இப்போது நிகழ்தகவை 0.96 ஆகக் குறைத்துப் பாருங்கள்: தொகை ஏறக்குறைய 3,220 ரூபாவினால் மட்டுமே மாறும். நிகழ்தகவை 0.97இலேயே வைத்துக்கொண்டு வட்டியை 11 சதவீதமாக்கினாலோ, தொகை 341,619 ரூபாவாக உயரும். மாற்றம் 29,000 ரூபாவுக்கு மேல். நீண்டகாலச் சேமிப்பைக் கொண்ட ஆயுட் காப்புறுதியிலும் ஓய்வுகால நன்மைகளிலும் வட்டி பற்றிய பிழையான கணிப்பு, மரணம் பற்றிய பிழையான கணிப்பைவிடப் பல மடங்கு பெரிய இழப்பைத் தரக்கூடும் என்பது இதிலிருந்து தெரிகிறது. நிதிக் கணிதம் படித்தவருக்கு இங்கேதான் பலம்.

ஆனால் காப்புறுதி முழுவதும் இப்படியானதன்று. இலங்கையின் பொதுக் காப்புறுதியில் மிகப் பெரிய பிரிவு மோட்டார் வாகனக் காப்புறுதியாகும். ஓராண்டுக்கு மட்டும் வழங்கப்படும் அந்த ஒப்பந்தத்தில் வட்டியின் பங்கு சிறியது. எந்த வயதுச் சாரதி, எந்த வகை வாகனம், எந்தப் பயன்பாடு, எத்தனை விபத்து, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு இழப்பீடு என்பவையே முழு விடயமும். அதற்கு வேண்டியவை ஒரு மாறி மற்றவற்றோடு எப்படி மாறுகிறது என்று பார்க்கும் பிற்செலவுப் பகுப்பாய்வும், பொதுமைப்படுத்திய ஏகபரிமாண மாதிரிகளும், இதுவரை அறிவிக்கப்படாத இழப்பீடுகளை முன்னைய ஆண்டுகளின் போக்கிலிருந்து மதிப்பிடும் முறைகளும் ஆகும். இவை புள்ளிவிபரவியலாளரின் கருவிகள். நிதிக் கணிதத்தை மட்டும் படித்துப் புள்ளிவிபரவியலைக் கடமைக்காகத் தொட்டவர் இந்த இடத்தில் திணறுவார்.

பரீட்சைத் திட்டத்தோடு பொருத்திப் பார்த்தால் இது இன்னும் துலக்கமாகும். பிரித்தானிய அமைப்பு 2019இல் அறிமுகப்படுத்திய திட்டத்தில், சீஎம்1 என்ற பாடம் வட்டி, பணப்பாய்ச்சல், ஆயுட் காப்புறுதிக் கணிதம் ஆகியவற்றையும், சீஎம்2 இடர் அளவீடுகள், பிரௌனியன் இயக்கம், தெரிவுரிமைகளின் விலையிடல், வட்டி வீதக் கட்டமைப்பு, இழப்பீட்டு ஒதுக்கம் ஆகியவற்றையும் கேட்கின்றன. சீஎஸ்1 புள்ளிவிபரவியலின் அடிப்படைகளையும், சீஎஸ்2 மார்க்கோவ் மாதிரிகள், உயிர்வாழ்வுப் பகுப்பாய்வு, காலத்தொடர் ஆகியவற்றையும் கேட்கின்றன. சீபீ (CB) எனத் தொடங்கும் பாடங்கள் வணிக நிதி, பொருளியல் பற்றியவை. நிதிக் கணிதப் பட்டதாரிக்கு சீஎம்2இன் பெரும்பகுதி ஏற்கெனவே பழகிய நிலமாக இருக்கும். தெரிவுரிமைகளுக்கு விலையிடும், 1973இல் வெளியான பிளாக் ஷோல்ஸ் சூத்திரத்தைத் தனியே ஒரு கைந்நூலிலிருந்து படித்துத் தேறுவதற்கும், இரண்டு தவணைகள் விரிவுரை கேட்டு, அதன் எடுகோள்களை ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்து விளங்கிக்கொள்வதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு. மாறாக, சீஎம்1இன் ஆயுட் கணிதமும் சீஎஸ்2இன் உயிர்வாழ்வு மாதிரிகளும் நிதிக் கணிதப் பட்டங்கள் பலவற்றில் ஓரமாகவே வரும். அவற்றை மாணவர் தாமாகவே படிக்க வேண்டியிருக்கும். புள்ளிவிபரவியற் பட்டதாரியின் நிலை இதற்கு நேரெதிரானது.

இதை வைத்துப் பார்க்கும்போது, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலோ பேராதனையிலோ பௌதிக விஞ்ஞானம் கிடைத்து, கணிதத்திலோ புள்ளிவிபரவியலிலோ சிறப்புப் பட்டம் செய்யப்போகும் மாணவர் தமக்குக் கதவு மூடப்பட்டுவிட்டதாக நினைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. புள்ளிவிபரவியலை ஆழமாகப் படித்த ஒருவர் நிதியை வெளியிலிருந்து கற்றுக்கொள்வது, நிதியை மட்டும் படித்த ஒருவர் புள்ளிவிபரவியலை வெளியிலிருந்து கற்றுக்கொள்வதைவிட இலகுவானது என்பது என் துணிபு. வட்டிக் கணிதம் உயர்தரத்துப் பெருக்கல் விருத்தியின் நீட்சியே. பத்து இலட்சம் ரூபாக் கடனை 12 சதவீத வட்டியில் பத்துச் சம ஆண்டுத் தவணைகளாக அடைப்பதெனில் ஒவ்வொரு தவணையும் ஏறத்தாழ 176,984 ரூபா என்று கண்டுபிடிப்பதற்கு விருத்தியின் கூட்டுத்தொகைச் சூத்திரமே போதும். அமெரிக்க அமைப்பின், நிதிக் கணிதம் பற்றிய எஃப்எம் பரீட்சையில் பெரும்பகுதி இவ்வகைக் கணக்குகளையே சூழ்ந்திருக்கிறது: ஆண்டுத்தொகைகள், கடன் தவணைகள், முறிகளின் விலை, சொத்துகளையும் பொறுப்புகளையும் வட்டி மாற்றத்துக்கு எதிராக ஈடுசெய்து வைத்தல். ஆகவே 'நிதிக் கணிதம் படித்தால்தான் எஃப்எம் எழுதலாம்' என்று எண்ணிப் பட்டத்தைத் தெரிவது தேவையற்றது. பல்கலைக்கழகத்தில் கற்பிக்கப்படும் நிதிக் கணிதத்தின் உண்மையான பெறுமதி அதற்கு அப்பால், எழுமாற்றுச் செயன்முறைகளிலும் விலையிடற் கோட்பாட்டிலும் இருக்கிறது.

சொத்துகளையும் பொறுப்புகளையும் ஈடுசெய்து வைக்கும் அந்தக் கோட்பாட்டை 1952இல் வகுத்தவர் பிராங்க் ரெடிங்டன் என்ற ஆங்கிலேய அக்சுவரி. இன்று அது எல்லா நிதிப் பாடநூல்களிலும் உள்ளது. அதைக் கொழும்பில் இருந்துகொண்டு படிப்பவர் ஒன்றை மறக்கக்கூடாது. 2022இல் நம் திறைசேரி உண்டியல்களின் வட்டி 30 சதவீதத்தையும் கடந்து சென்றது. 2023இல் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பின்போது ஊழியர் சேமலாப நிதி போன்ற ஓய்வுகால நிதிகளின் கையிலிருந்த திறைசேரி முறிகள் புதிய முறிகளாக மாற்றப்பட்டன. வட்டி சிறிதளவே அசையும், முறியின் பணம் குறித்த நாளில் தவறாது வரும் என்ற எடுகோள்கள் இரண்டும் நம் கண்முன்னேயே ஆட்டங்கண்டன. எடுகோள் உடைந்தால் சூத்திரம் என்ன ஆகும் என்று கேட்கப் பழக்குகின்ற விரிவுரையாளர் ஒருவர் வாய்ப்பது, எந்த வெளிநாட்டுக் கைந்நூலாலும் தரமுடியாத பயிற்சியாகும். உள்ளூர்ப் பட்டத்தை நான் ஆதரிப்பதற்கு இது சிறிய காரணமன்று.

பாட விலக்கு விடயத்துக்கு வருவோம், ஏனெனில் பெற்றோர் அதிகம் கேட்பது இதைத்தான். பிரித்தானிய அமைப்பு, தான் அங்கீகரித்த பாடநெறிகளில் குறித்த மட்டத்துக்கு மேல் புள்ளி பெற்றவர்களுக்குத் தொடக்கப் பாடங்களில் விலக்கு வழங்குகிறது. ஹெரியட் வொட் பல்கலைக்கழகம், கென்ற் பல்கலைக்கழகம், லண்டன் பொருளியற் கல்லூரி ஆகியவற்றின் அக்சுவரிப் பாடநெறிகள் இதற்குப் பெயர்பெற்றவை. ஹெரியட் வொட்டுக்கு மலேசியாவின் புத்ராஜெயாவிலும் வளாகம் இருப்பதால், நம்மவர்களுக்கு அது பிரித்தானியாவைவிடக் கைக்கு எட்டிய தெரிவாகிறது. அங்கீகாரம் பெறாத பாடநெறியைப் படித்தவர், ஒவ்வொரு பாடத்தின் திட்டத்தையும் புள்ளிகளையும் காட்டித் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். அதன் முடிவை முன்கூட்டியே யாரும் உறுதிசெய்ய இயலாது. கிடைத்த விலக்குக்கும் கட்டணம் உண்டு. அமெரிக்க அமைப்பிலோ, மிகச் சில பல்கலைக்கழகங்களின் மாணவர்களைத் தவிர மற்றெல்லாரும் பரீட்சை எழுதியே ஆகவேண்டும். பொருளியல், கணக்கியலும் நிதியும், கணிதப் புள்ளிவிபரவியல் ஆகிய துணைப் பாடங்களை மட்டும் அங்கீகரித்த கற்கைநெறிகளின் மூலம் நிறைவேற்றலாம்.

வெளிநாட்டில் அக்சுவரிப் பட்டம் படிப்பது காலத்தை மிச்சப்படுத்தும் என்பதில் ஐயமில்லை. அந்தக் காலத்துக்கு எவ்வளவு விலை கொடுக்கிறோம் என்பதையே குடும்பம் கணக்கிட வேண்டும். 2022இன் தொடக்கத்தில் ஒரு டொலர் இருநூறு ரூபா அளவில் இருந்தது. சில மாதங்களுக்குள் அது முந்நூற்று அறுபது ரூபாவைத் தொட்டது. கட்டணத்தின் முதற்பாதியைக் கட்டிவிட்டு மறுபாதிக்கு வழியின்றித் தவித்த குடும்பங்கள் அந்த ஆண்டில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்தன. வீட்டை ஈடுவைத்து, நான்கு விலக்குகளுக்காகப் பிள்ளையை அனுப்புவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்கமாட்டேன். அங்கேயே வேலை தேடித் தங்கும் நோக்கம் இருப்பவருக்கும், புலமைப்பரிசில் பெற்றவருக்கும், செலவு சுமையாகாத குடும்பத்துக்கும் அது நல்ல வழி. கொழும்பிலேயே வேலை செய்ய விரும்புபவருக்கு, அதே விலக்குகளைப் பரீட்சை எழுதிப் பெறும் செலவு வெளிநாட்டுப் பட்டத்தின் செலவோடு ஒப்பிடக்கூடியதே அன்று. குறைந்த வருமானமுடைய மாணவர்களுக்குப் பிரித்தானிய அமைப்பு குறைக்கப்பட்ட கட்டணம் வைத்திருக்கிறது என்பதையும் விசாரித்துக்கொள்வது நல்லது.

பட்டமே இல்லாமல் நேரடியாகப் பரீட்சைகளுக்குச் செல்வது நான்காவது வழி. அமெரிக்க அமைப்பின் முதற் பரீட்சைகளுக்கு முன்தகுதி எதுவும் கேட்கப்படுவதில்லை. நிகழ்தகவு பற்றிய பீ பரீட்சை முப்பது பல்தேர்வு வினாக்களைக் கொண்ட மூன்று மணித்தியாலப் பரீட்சை, கணினியில் எழுதுவது. காப்புறுதி நிறுவனமொன்றின் அக்சுவரிப் பிரிவில் உதவியாளராகச் சேர்ந்து, சம்பளத்தோடு படித்து முன்னேறுவது கவர்ச்சியாகவே தெரியும். வேலைத்தலத்தில் கற்கும் விடயங்கள் உண்மையிலேயே பெறுமதியானவை. பணிக்கொடைப் பொறுப்பை மதிப்பிடும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, ஐந்தாண்டு சேவை முடித்த ஊழியருக்கு ஒவ்வோர் ஆண்டுக்கும் அரைமாதச் சம்பளம் கொடுக்கப்பட வேண்டும். பெரிய நிறுவனங்கள் இந்தப் பொறுப்பை ஆண்டுதோறும் அக்சுவரியைக் கொண்டு மதிப்பிடுகின்றன. அவற்றின் ஆண்டறிக்கைகளைப் புரட்டினால், மரண வீதத்துக்கு ஏ67/70 என்ற அட்டவணை பயன்படுத்தப்பட்டதாகப் பல இடங்களில் காணலாம். அது 1967க்கும் 1970க்கும் இடையில் பிரித்தானியாவில் காப்புறுதி செய்திருந்தவர்களின் தரவிலிருந்து எழுந்த அட்டவணை. நம் மக்களின் மரண வீதத்தை நம் தரவிலிருந்தே கட்டியெழுப்பக்கூடிய இளைஞர்கள் இந்த நாட்டுக்கு எவ்வளவு தேவை என்பதை இதைவிட வேறெதுவும் எனக்கு உணர்த்துவதில்லை. அந்த வேலைக்குப் பரீட்சைக் கைந்நூல் போதாது, புள்ளிவிபரவியலில் ஆழ்ந்த பயிற்சி வேண்டும்.

நேரடி வழியின் ஆபத்து அதன் நடுவில் இருக்கிறது. பிரித்தானியப் பரீட்சைகள் ஏப்ரலிலும் செப்ரெம்பரிலும் நடக்கின்றன. ஒன்றில் தவறினால் அடுத்ததற்கு ஏறத்தாழ அரையாண்டு காத்திருக்க வேண்டும். மூன்று, நான்கு பாடங்களோடு ஒருவர் நின்றுபோனால், பட்டமும் இல்லாமல் தொழிற்றகைமையும் இல்லாமல் அரைவழியில் நிற்பார். பட்டதாரிக்கு இந்த நிலை வராது. அத்துடன் மொழி பற்றிய விடயமும் உண்டு. உயர்தரம் வரை தமிழில் படித்து, வகையீட்டையும் தொகையீட்டையும் மாறற்றிறனையும் தமிழ்ச் சொற்களால் அறிந்த மாணவர், ஆங்கில மூலத்தில் நடக்கும் விரிவுரைகளோடு நான்கு ஆண்டுகள் பழகுவது சாதாரண நன்மையன்று. தொடக்கப் பாடங்களில் கணிதமே பேசும். அதற்கு மேற்பட்ட மட்டத்தில், சீபீ1 (CB1) போன்ற தொடக்கப் பாடங்களை முடித்தபின் வரும், தொழில் நடைமுறை பற்றிய சீபி (CP) வரிசைப் பாடங்களில், ஒரு நிறுவனத்தின் நிலையை விளக்கிப் பக்கம் பக்கமாக எழுதவும், கணிதம் அறியாத வாடிக்கையாளருக்கு முடிவை எளிய நடையில் எடுத்துரைக்கவும் வேண்டும். கணிதத்தில் மிகக் கெட்டிக்காரராக இருந்தவர்களும் அந்தப் படியில் பல தடவை தடுக்கி விழுகிறார்கள். குடும்பச் சூழ்நிலையால் உடனே உழைக்க வேண்டியவர்களுக்கு நேரடி வழியைத் தவிர வேறு இல்லை என்றால், நாவலையிலுள்ள திறந்த பல்கலைக்கழகத்தில் கணிதத்தோடு விஞ்ஞானமாணிப் பட்டத்தையும் சமாந்தரமாகத் தொடரும்படி வற்புறுத்துவேன்.

நிதிக் கணிதப் பட்டத்துக்கு ஆதரவாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்சுவரிப் பரீட்சைகளைத் தொடங்குகிறவர்கள் எல்லாரும் முடிப்பதில்லை. அப்படி விட்டு விலகுபவருக்கு வேறு வேலை இருக்கிறதா என்பது கொழும்பில் மிக முக்கியமான கேள்வி. 2018இல் நடைமுறைக்கு வந்த நிதி அறிக்கையிடல் நியமத்தின்படி, வங்கிகள் தாங்கள் கொடுத்த கடன்களில் எதிர்பார்க்கக்கூடிய இழப்பை முன்னதாகவே மாதிரியாக்கிக் காட்ட வேண்டும். கோட்டையிலும் கொள்ளுப்பிட்டியிலும் உள்ள வங்கிகளின் இடர் முகாமைத்துவப் பிரிவுகளுக்கு இதைச் செய்யத் தெரிந்தவர்கள் தேவை. வெளிநாட்டு முதலீட்டு நிறுவனங்களுக்காக இங்கிருந்து நிதி ஆய்வு செய்து கொடுக்கும் நிறுவனங்களும் உண்டு. அக்சுவரிப் படிப்பு மட்டும் படித்தவரைவிட நிதிக் கணிதம் படித்தவர் இந்த இடங்களுக்கு இலகுவாக மாறிக்கொள்வார். காப்புறுதிப் பக்கத்திலும் தேவை குறையவில்லை: 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் ஆயுட் காப்புறுதி நிறுவனங்களுக்கு அக்சுவரியின் சேவையைக் கட்டாயமாக்கியது, 2016இலிருந்து இடரை அடிப்படையாகக் கொண்ட மூலதன விதிகள் வந்தன, 2023இல் உலகளவில் நடைமுறைக்கு வந்த காப்புறுதி ஒப்பந்தங்களுக்கான புதிய கணக்கீட்டு நியமம் இன்னும் கூடிய மாதிரியாக்க வேலையைக் கொண்டுவருகிறது.

பட்டத்துக்குள் நுழைந்தபின் செய்ய வேண்டியது பற்றியும் ஒரு வார்த்தை. பட்டம் முடிந்தபின் பரீட்சைகளைத் தொடங்கலாம் என்று காத்திருப்பதே நான் காணும் மிகப் பெரிய வீண்விரயம். முதலாண்டு நிகழ்தகவுப் பாடம் முடிந்த கையோடு பீ பரீட்சையையோ சீஎஸ்1ஐயோ எழுதுவது, அதே பாடத்தை வேலைக்குப் போனபின் இரவுகளில் மீட்டிப் படிப்பதைவிடப் பல மடங்கு இலகு. எக்செலையும், சீஎஸ் பாடங்களின் இரண்டாம் வினாத்தாளுக்கு வேண்டிய ஆர் கணினி மொழியையும் விடுமுறைகளில் கற்றுக்கொள்ளலாம். தெரிவுப் பாடங்களைத் தீர்மானிக்கும் நேரத்தில், புள்ளி எடுக்க இலகுவான பாடத்தை விட்டு, உயிர்வாழ்வுப் பகுப்பாய்வும் எழுமாற்றுச் செயன்முறைகளும் உள்ள பாடங்களை எடுக்க வேண்டும். இரண்டு அல்லது மூன்று பரீட்சைகளில் சித்தியடைந்த நிலையில் பட்டம் பெறும் ஒருவருக்கும், வெறும் பட்டத்தோடு வரும் ஒருவருக்கும் வேலை கொடுப்பவர் பார்வையில் உள்ள வேறுபாடு பெரிது.

விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன் பிள்ளை செய்து பார்க்க வேண்டிய சோதனை ஒன்று உண்டு. அதற்குச் செலவு எதுவும் இல்லை. அமெரிக்க அமைப்பு பீ, எஃப்எம் பரீட்சைகளின் மாதிரி வினாக்களை விடைகளோடு தன் இணையத்தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பிரித்தானிய அமைப்பு கடந்தகால வினாத்தாள்களையும் பரீட்சகர் அறிக்கைகளையும் வெளியிட்டிருக்கிறது. எஃப்எம் மாதிரி வினாக்களில் வட்டி, கடன் பற்றியவற்றை உயர்தரக் கணிதத்தோடேயே தொடங்கிவிடலாம். ஒரு வாரம் அவற்றோடு உட்கார்ந்த பின்பும் இன்னும் செய்ய வேண்டும் போலிருக்கிறது என்று சொல்லும் பிள்ளைக்கு, கொழும்புப் பாடநெறியைப் பட்டியலில் மேலே போடுங்கள். நிகழ்தகவு வினாக்களில் மட்டும் மனம் ஒன்றி வட்டிக் கணக்குகளில் சலிப்படையும் பிள்ளைக்கு, எந்தப் பல்கலைக்கழகமாயினும் புள்ளிவிபரவியலை மேலே போடுங்கள்.